லூப் லைன்

ஏப்ரல் முப்பது, மாலை ஐந்தே முக்கால்.
வசூல் நோட்டையும் கைரேகை மெஷினையும்
மேனேஜர் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
பேனாவும் ஆபீஸுடையதாம். அதையும் வைத்தேன்.
இனி ஜூன் இருபத்து மூன்று வரை
நான் யாருக்கும் எதுவும் இல்லை.

பிறகு திருச்சியில் பயிற்சி. உதவி லோகோ பைலட்.
கடிதத்தை எலிக்குப் பயந்து
அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.
"பொம்பளப் பிள்ளைக்கு எஞ்சினா?" என்ற
அண்ணன் சவரியப்பன்தான்
அன்றிரவே எட்டுப் பேருக்குப் போன் போட்டுச் சொன்னது.

முதல் வாரம் ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது.
செவ்வாய் புதுவயல், புதன் கண்டனூர், வியாழன் கோட்டையூர் என்று
கால்கள் பழைய வாரத்திலேயே நின்றன.
அடுத்த வாரம் ஒன்பது மணி.
அதற்கப்புறம் கிழமையே மறந்துபோனது;
பால்காரர் கணக்குக் கேட்டபோது
மாதம் முடிந்திருந்தது.

மதியம் வெயில் செம்மண்ணை வறுக்கும்.
வாடகைக்கிருக்கும் பின்கட்டில்
ஆத்தங்குடிக் கல் தரையில்
ஈரத் தலையோடு குப்புறப் படுப்பேன்.
ஒரு பூ சூடானதும் அடுத்த பூவுக்கு நகர்வேன்.
வெயில் தாழ்வதற்குள் கூடத்தின் மறுமூலைக்கு வந்திருப்பேன்.
அன்றைய பயணம் அவ்வளவுதான்.

ஒரு நாள் நுங்குக்கு ஆசைப்பட்டுப் புதுவயல் போனேன்.
செவ்வாய் என்பது அங்கே போய்த்தான் உறைத்தது.
என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு
தெருவில் மூன்று கதவுகள் சாத்திக்கொண்டன.
உள்ளே ஓட நேரமில்லாத அழகுமீனா
வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள்.
மரத்தின் இரண்டு பக்கமும் சேலை தெரிந்தது.
"அக்கா, நான் வேலைய விட்டுட்டேன்."
மரம் சிறிது நேரம் யோசித்தது.
"நெசமாவா?"
"மாதா சத்தியமா."
வெளியே வந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.
சிரிப்பு முடிந்த இடத்தில்
எங்கே பார்ப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

நாலு வருஷம் அந்த வாசலில்
தவணை வராமல் எழமாட்டேன் என்று
மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறேன்.
அவள் உலை வைக்காமல் நின்றதையும்
பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.
அன்றும் அதே படியில் உட்கார்ந்தேன்.
நுங்கைச் சீவித் தந்தாள், காசு வாங்கவில்லை.
விரல் நுழைத்து உறிஞ்சியதில்
முழங்கை வரை வழிந்தது.
"ரயிலா ஓட்டப் போற?" என்றாள்.
"அதுலயாச்சும் வர்றதுக்கு முன்னாடி
ஆரன் அடிச்சிட்டு வா."

சாயங்காலங்களில் காரைக்குடி ஜங்ஷன்.
பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய்,
இந்தக் கோடையில் என் ஒரே ஆடம்பரம்.
கடைசி பெஞ்சில் வறுகடலையோடு உட்கார்ந்து
சிக்னல் மாறுவதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.
மஞ்சள். இரண்டு மஞ்சள். பச்சை.
பக்கத்தில் யாராவது இருந்தால்
ஜெபமாலை சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

நேற்று லூப் லைனில் ஒரு கூட்ஸ் நின்றது.
அது தாமதமாகவில்லை,
எதிரே ஒன்று போகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்
என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்.
அழகாய்த்தான் இருந்தது.
டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி
"இன்னும் எவ்வளவு நேரம்டா" என்று
யாரையோ வைதுகொண்டிருந்தார்.
முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.
பானையில் கையை விட்டு
முகத்தில் அறைந்துகொண்டார் தண்ணீரை.
எனக்கு அந்த எரிச்சலும் வேண்டும்.
அந்தச் சட்டையும்.

செட்டில்மென்ட் நாற்பத்தோராயிரத்தில்
பன்னிரண்டாயிரம் மிச்சம். ஷூ வாங்கவேண்டும்.
இன்னும் ஒன்பது நாள்.

பச்சை விழுந்தது.
எஞ்சின் இழுக்க, கொக்கிக்குக் கொக்கி
அந்த இழுப்பு டடக் டடக்கென்று பின்னால் ஓடியது.
கடைசிப் பெட்டிக்கு மட்டும்
ரொம்ப நேரம் தெரியவேயில்லை
ரயில் புறப்பட்டுவிட்டதென்று.
அதுவும் ஒருமுறை குலுங்கியது.
கடலை இன்னும் பாதிப் பொட்டலம் இருந்தது.
உட்கார்ந்து தின்றேன்.