இரண்டாவது நாற்காலி

ஜூன் முப்பது.
ஜாலான் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி.
பிறர் கணக்கை எழுதிப் பிழைக்கிறேன்.
மேசையில் ஒரு பிஸ்கட் டின்,
அதற்குள் புஷ்பலீலாவின் ஓராண்டு:
நூல், மெழுகு, மருதாணி, மின்கட்டணம்,
பாதி மங்கிவிட்ட ரசீதுகள்.
ஆறு மாதத்தில் வெளுக்கும் தாளை
ஏழாண்டு காத்துவை என்கிறது சட்டம்.

செந்தூலில் புருவம் திருத்துகிறாள்.
ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி.
சனிக்கிழமைகளில் வாசல்வரை வரிசை.
"இன்னொரு நாற்காலி போட்டா என்ன?"
போன வருடம் அவளாகத்தான் கேட்டாள்.
நான்தான் கணக்குப் போட்டேன்.

சுவரைக் கொஞ்சம் தள்ளினால் புது ஒப்பந்தம்,
ஒப்பந்தத்துக்கு முத்திரை.
பெயர்ப்பலகை ஓரடி நீண்டால் வேறு உரிமம்;
எழுத்தின் உயரத்தை அளக்க ஒருவர்,
அளந்ததற்கு ஒப்பமிட ஒருவர்.
ஆள் வைத்தால் சேமநிதி, சொக்சோ,
மாதம் பதினைந்துக்குள்; பிந்தினால் தண்டம்.
கடையை மூடிவிட்டு
எண் எடுத்து உட்கார ஒரு நாள்.
சிஸ்டம் டவுன் என்றால் மறுநாளும்.
புருவத்துக்குப் பத்து வெள்ளி.
கூட்டிக் கழித்துக் காட்டினேன்.
"போகட்டும். இடுப்பு இருக்கறவரைக்கும்
நானே நின்னுக்கறேன்."

அந்த நாற்காலி எந்தப் பாரத்திலும் இல்லை.
(பாரம் என்றே பெயர் வைத்திருக்கிறோம், பாருங்கள்.)
அதன் பின்னால் நின்று
நூலைப் பல்லில் கடித்திருக்கவேண்டிய பெண்ணும் இல்லை.
வசூலானதற்கு ஆண்டறிக்கை உண்டு,
வழவழப்பான தாளில், படங்களோடு.
நடக்காமல் போனதற்கு
எந்த இலாகாவில் பதிவேடு?

யானை அசைந்து தின்னும்,
வீடு அசையாமல் தின்னும் என்பார்கள்.
இது மூன்றாவது வகை.
தின்னும்போதே கையெழுத்துக் கேட்கும்,
மூன்று பிரதிகளில்.

தவறாக எண்ணவேண்டாம்.
என் மகனின் குடல்வாலை
அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள்.
பில்லைப் பார்த்து இரண்டு முறை
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், அவ்வளவு குறைவு.
அதற்குத் தருவேன்.
திருடனைப் பிடிக்க, சாக்கடையில் அடைப்பெடுக்க,
கோம்பாக் ஆறு கூடத்துக்குள் வராமலிருக்கத் தருவேன்.
கொற்றக்குடை வேண்டாமென்று யார் சொன்னது?
நாலு மணியானால் மழை கொட்டும் ஊர்.
குடை தலைக்குமேல் இருக்கட்டும்.
ஆனால்
குடைக்கம்பிகளை எண்ண ஒரு பிரிவு,
எண்ணியவரை எண்ண ஒரு பிரிவு,
பிரிவுகளை ஒருங்கிணைக்கப்
பளிங்குத் தரையில் ஒரு வாரியம்,
வாரியத்துக்கு ஆண்டுவிழா, துணிப்பை, டீசட்டை என்று
வளர்ந்து வளர்ந்து
நனைந்து நிற்பவளிடமே வந்து
குடைத்துணிக்குக் காசு கேட்கிறதே,
அதைச் சொல்கிறேன்.

அவளிடமே இருந்தால் அந்தப் பணம் தூங்குமா?
மயிரிழை கூடினால்
முகமே மாறிவிடும் என்று தெரிந்த கை அது.
"எடுக்கறது யாருக்கும் வரும்.
எங்க நிறுத்தணும்னு தெரியணும், அதான் தொழில்"
என்பாள், நூலை முறுக்கியபடி.
புத்ராஜெயாவிலிருந்து யாராவது
ஒருநாள் வந்து
அவளிடம் புருவம் கொடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
வரியெல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டால்
என்னைத் தேடி இந்த மாடிப்படி யார் ஏறுவார்?
சிக்கலில்தான் என் உலை கொதிக்கிறது.
அவள் போடாத நாற்காலியில்
ஒரு கால் என் கட்டணம்.
தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பதினொன்று நாற்பது.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
ஏற்றுக்கொண்டது.

மறுநாள் மாலை மழையில்
டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
யாரோ ஒரு மணப்பெண்ணின் நெற்றிமேல் குனிந்திருந்தாள்.
கண்ணாடிக்குப் பக்கத்தில்,
அன்று டேப்பால் நாங்கள் அளந்த இடத்தில்,
ஒரு பிளாஸ்டிக் வாளி.
அது நிறைய ஈரக் குடைகள்.

"உக்காருங்க" என்றாள்,
நிமிராமல்,
பழக்கத்தில்.