அதே கிலோமீட்டர்

ஜூலை. உருகுவேயில் அது குளிர்காலம்.
எங்கள் பால் கூட்டுறவின் கணக்கறையில்
மூன்று கணினிகள்:
வாஷிங்டன் கஸ்தாஞ்ஞாரெஸ் மேசையில் ஒரு விண்டோஸ்,
கால்நடை மருத்துவர் மரியேலாவின் மேக்,
மாடிப்படிக்கு அடியில், வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவே
ராப்பகலாய் முனகும் லினக்ஸ்.

லாரிகள் ஆறு. பண்ணைகள் எண்பத்தேழு.
எந்த லாரி எந்தப் பண்ணைக்கு என்று
கணக்குப் போட்டுத் தந்த நிறுவனம்
உரிமக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது.
நிர்வாகக் குழு என் பக்கம் திரும்பியது:
"இலவசமாய் ஒன்று இருக்கிறதாமே?"

இருக்கிறது, மூலநிரலாக.
கோதுமை இலவசம்;
அரைப்பதும் சுடுவதும் என் தலையில்.

முதலில் லினக்ஸ்.
சுங்க அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாய்க் கேட்டது.
சி கம்பைலர் உண்டா? உண்டு.
அது ஓடுமா? ஓடும்.
ஃபோர்ட்ரான்?
அங்கே நின்றது.
என் அம்மா பிறக்கும் முன்பே பிறந்த மொழி
இன்னும் எங்கோ அடித்தளத்தில் உட்கார்ந்து
அணிகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது,
அதைக் கூப்பிடாமல் மேலே ஒரு கல்லும் ஏறாது.
கூப்பிட்டேன். வந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்
திரையில் மழையாய் ஓடின.
ஒரு கோப்பின் நடுவே யாரோ குறித்திருந்தார்:
குழந்தை விழித்துவிட்டது, மீதி நாளைக்கு.
தேதி 1998, மார்ச்.
மீதியும் இருந்தது, அடுத்த வரியிலேயே.

விண்டோஸில் சாய்கோடு மறுபக்கம் சாயும்,
காற்றடித்த யூகலிப்டஸ் வரிசை போல.
அதைக்கூடத் திருத்திவிட்டேன்.
ஆனால் கோப்புறைக்கு வாஷிங்டனின் முழுப்பெயர்.
கஸ்தா வரை படித்தது,
தலையில் அலை சுமக்கும் எங்கள் எழுத்தைக் கண்டதும்
இரண்டு கேள்விக்குறி போட்டுப் படுத்துக்கொண்டது.
"வரி அலுவலகமும் நாற்பது வருடமாய்
அங்கேதான் இடறுகிறது" என்றார் அவர், கோபமில்லாமல்.
எல்லாவற்றையும் வட்டின் வேரடிக்கு மாற்றினேன்,
ஓரெழுத்துப் பெயரில்.

மேக் மிக நாகரிகம்.
மறுபேச்சில்லாமல் கட்டி முடித்தது.
ஓடச் சொன்னதும்,
கட்டும்போது கைகுலுக்கிய நூலகத்தை
யாரென்றே தெரியாது என்றது.
முகவரி எழுதிக் கொடுத்தேன். போய்ப் பார்த்து வந்தது.

ஒன்பதாம் நாள், அதிகாலை இரண்டேகால்.
மூன்றிலும் ஒரே தரவு. மூன்றிலும் ஒரே விடை:
1143 கிலோமீட்டர்.
தனியாக இருந்ததால்
வாளியைத்தான் தட்டிக் கொண்டாடினேன்.

பிறகு வழிகளை அச்செடுத்தேன்.
மூன்றும் வேறு வேறு.

பிழை என்று நினைத்து விடியும்வரை தேடினேன்.
பிழை இல்லை.
தசமப் புள்ளிக்குப் பின்னால் பதினைந்தாம் இடத்தில்
ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையில் கூட்டியிருக்கிறது;
சமமான இரண்டில் ஒன்று இடம் போனது, ஒன்று வலம்.
எங்கள் ஊர்ப்பக்கம் மலை என்பதெல்லாம் அப்படித்தான்,
ஏறிப் போனால் உச்சியில் மாடு மேயும் சமதளம்.
நான் ஊசிமுனையைத் தேடியிருக்கிறேன்.

மூன்று தாள்களையும் சுவரில் ஒட்டினோம்.
ஓட்டுநர்கள் மாத்தேக் கிண்ணத்தைச் சுற்றவிட்டபடி
தாள்களைப் பார்த்தார்கள்.
மேக் போட்ட வழியில்
ருபெனின் லாரி அவன் வீட்டு வாசலைத் தாண்டும், ஏழு மணிக்கு.
அவன் ஒன்றும் சொல்லவில்லை, தாளின் அருகே நின்றான்.
நான்காம் லாரி எல்பியோ
லினக்ஸ் வழியில் ஓரிடத்தில் விரல் வைத்தார்:
"இந்தப் பாலம், மழை பெய்தால்
தண்ணீருக்கு அடியில் இருக்கும்."

பாலம் இருந்தது என் தரவில்.
மழை இல்லை.

ஒரு நிபந்தனை சேர்த்தேன், ஒற்றை வரி.
மூன்று கணினியிலும் 1151.
எட்டுக் கிலோமீட்டர்: எல்பியோவின் விரல் நுனியின் விலை.
வழிகள் இப்போதும் மூன்று.

வாஷிங்டன் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி
என் பக்கம் நீட்டினார்.
எது சரி என்று கேட்டேன்.
"என் மேசையில் இருப்பதுதான்" என்றார்.
"அதற்குத்தானே நீ ரொம்பக் கஷ்டப்பட்டாய்."