ஏழாம் கட்டம்

படிவத்தின் ஏழாம் கட்டம்:
‘பிறப்பிடம், ஏறத்தாழ ஆண்டு.’
ஓர் அங்குல அகலம்.
கெலெந்தா என்கிற தாளத்தை
அதற்குள் மடித்து வைத்து வரச்சொல்லி
மூன்று நாள் படியும்
அரை டாங்க் பெட்ரோலும் கொடுத்தார்கள்.

வழக்கு இதுதான்.
பலன்தூக்காரர்கள் ஒரு கல்யாணத்தில் அடித்துவிட்டார்கள்.
தாளம் எங்களுடையது, ஓர் ஆடு வை என்கிறார்கள்
நியாகொரோக்காரர்கள்.
ஆட்டை இதற்குள் யாரோ தின்றுவிட்டார்கள்.

பலன்தூவில் லான்சினே காந்தே
என் கேள்விக்கு வாய் திறக்கவில்லை.
துருத்திக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார்.
சம்மட்டி இறங்கியது.
தும் தும் தக்
ஒன்றுமில்லை
தும்.
“அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான்
இரும்பைத் திருப்புகிறோம்.
திருப்பாமல் அடித்தால் மண்வெட்டி கோணும்.
எழுதிக்கொள், கொல்லர்களுடையது.”
எழுதினேன்,
பென்சிலில்.

நியாகொரோவில் அறுப்பு முடிந்திருந்தது.
ஃபோனியோக் கதிர்மேல் பெண்கள்
தோளோடு தோள் நின்று மிதித்தார்கள்.
கடுகு அதற்குப் பெரியண்ணன்,
அவ்வளவு சின்னத் தானியம்.
தும் தும் தக்
குதிகால் அந்தரத்தில்
தும்.
அங்கே ஏன் நிற்கிறீர்கள் என்றேன்.
நாமிஸா இடுப்புத் துணியை இறுக்கினாள்.
“நாங்களா நிற்கிறோம்?
உமி விலக வழி விடுகிறோம்.
கொல்லர்கள் எங்கள் காலைப் பார்த்துத்தான்
சம்மட்டியைத் தூக்கக் கற்றார்கள்.
அவர்கள் பெண்டாட்டிகள் எந்த ஊரில் பிறந்தவர்கள்
என்று கேட்டாயா?”
கேட்கவில்லை.
பெண்டாட்டிகளுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

ரப்பரால் அழித்தேன்.
தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

அக்கரைக்குப் போ, தொக்கொனூவில் தெரியும் என்றார்கள்.
தொக்கொனூவிலோ,
“உங்கள் கரையிலிருந்து வாங்கிய கடன்தானே,
வட்டியோடு கொண்டுபோகிறாயா?” என்று சிரித்தார்கள்.
வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள்.
பிறகு மூன்று டுன்டுன்களும் ஒரு ஜெம்பேயும் வந்தன.
தலைக்கோழி கூவும்வரை
நான் ஆடியதை
அறிக்கையில் சேர்க்கவில்லை.

திரும்புகையில் ஜொலிபா ஆற்றின்மேல் மூடுபனி.
பிரமாவின் ஓடத்துக்கு அடியில் ஓட்டை.
சுரைக்குடுவையால் இரண்டு இறைப்பு,
விளிம்பில் ஒரு தட்டு,
சொட்டு முழுக்க விழும்வரை கை அசையாது,
அப்புறம் கழியின் ஊன்றல்.
என் முதுகு நிமிர்ந்துவிட்டது.
உலைக்கு முந்தியது கதிர்.
கதிருக்கு முந்தியது ஆறு.
ஆற்றில் இறங்கிய முதல் மரத்திலேயே
இந்த ஓட்டை இருந்திருக்கும்!
பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.
“இதை யாரிடம் கற்றாய், பிரமா?”
“போன சனிக்கிழமை ரேடியோவில் போட்டான்.
காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.
கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்,
ஓட்டை உங்கள் காலுக்கடியில்.”

அலுவலகம். திங்கள்கிழமை.
ஏழாம் கட்டத்தில்
ஆற்றுத்தண்ணீர் காய்ந்து
ஒரு வரைபடம்போல நிற்கிறது.
எதிர் மேசையில் ஃபிந்தா லேனோ
பிறப்புச் சான்றுகளுக்கு முத்திரை குத்துகிறாள்.
நிமிராமலே சொன்னாள்:
“விரலைச் சும்மா வை. தலை வலிக்கிறது.”
தட்டிக்கொண்டிருந்தேன் என்று
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மத்தியானம் கட்டு பெரிதாகியது.
மையில் ஒன்று, மையில் இன்னொன்று,
தாளைத் தள்ளும் நகம்
அடுத்த பெயரை வாசிக்கும் கண்
முத்திரை.

அவள் கவனிக்கவில்லை.
நான் சொல்லவும் இல்லை.
வரிசையில் நின்ற பருத்தி வியாபாரியின் தோளில்
தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பாதம்
முத்திரை விழுமுன்பே
அந்த இடைவெளியில்
ஒருமுறை அசைந்தது.

“இது எங்கள் ஊர் அடியாயிற்றே,” என்றார் அவர்.

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
படிவத்தை இழுப்பறைக்குள் தள்ளினேன்.
ஆட்டுக்கு என்ன பதில் எழுதுவது என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.