தண்ணீர் தெளியும்போது

காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி.
சீசன் முடிந்து மூன்று வாரம்.
தரையில் இன்னும் தோத்தாபுரி வாசம்,
ஈக்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.
மேல்தளத்தில் ஆறு அங்குலத்துக்கு ஓர் ஓட்டை போடவேண்டும்,
புது நீராவிக் குழாய் இறங்க.

எனக்கு மேலே வேலை.
லகுமம்மாவுக்குக் கீழே.
நான் துளைக்கிற இடத்துக்கு நேர் கீழே
மணல் மூட்டை அடுக்கி, சிவப்பு நாடா கட்டி,
வெளியே நிற்கவேண்டும், அவ்வளவுதான்.
"சும்மா நிக்கிறதுக்கு அறுநூறா?"
என்றபடி நாடாவைத் தூக்கிக் குனிந்தான் ஒரு லாரி டிரைவர்.
அவள் என்ன சொன்னாளோ,
டீக்கடைக்குச் சுற்றிக்கொண்டு போனான்.

ஸ்டாண்டை போல்ட்டில் இறுக்கி ஆட்டிப் பார்த்தேன்.
மறுபடியும் ஆட்டினேன்.
போன வருஷம் ஓசூரில் வேக்யூம் தட்டை நம்பினேன்;
அன்று சுழன்றடித்த கைப்பிடி
இடது மணிக்கட்டில் மழைக்கு முன்னால் இன்னும் பேசும்.
கழுத்துத் துண்டைக் கழற்றினேன்.
ட்ரிப்பர் பெட்டியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன்,
டக்கென்று செத்தது.
நல்லது.
செத்துக் காட்டுகிற பெட்டிதான் பிழைக்கவைக்கும்.

பிறகு தண்ணீர். பிறகு மோட்டார்.
பிட்டின் பல்லில் வைரம் என்பார்கள்.
வேலைக்கு வந்த முதல் நாள்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்:
மணல் ஒட்டிய பல்.

சாம்பல் பால் வழிந்தது.
கெட்டியாய், கலங்கலாய்.
எனக்குப் பிடித்த நிறம் அது,
உள்ளே கான்க்ரீட் அரைபடுகிறது.

நாலாவது அங்குலத்தில் தண்ணீர் தெளிந்தது.

குடத்தில் தெளிந்தால் குடிக்கலாம்.
இங்கே தெளிந்தால் நிறுத்து.
நீரோடு மினுங்குகிற பொடி,
மீன் செதிலைவிடச் சின்னதாய்.
மோட்டாரின் குரலும் தாழ்ந்தது,
கல்லைக் கடித்துவிட்டுச் சபையில் துப்ப முடியாதவன் மாதிரி.

நிறுத்தினேன்.

காலையில் ஸ்கேனர் இங்கே ஒன்றும் காட்டவில்லை.
வரைபடம்? "அது பழைய ஓனரோட போச்சு."
கம்பியாய் இருக்கலாம்.
இழுத்துக் கட்டிய கேபிளாய் இருக்கலாம்.
கம்பி அறுந்தால் அறுந்தது.
கேபிள் அறுந்தால்தான் தெரியும்
எத்தனை வருஷமாய் அது பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததென்று.

"வெட்டிடுப்பா, அஞ்சு அங்குலந்தானே"
என்றார் சூப்பர்வைசர் சென்னகேசவன்.
பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.
பேசத் தெரியாதவனுக்கு அதுதான் வாதம்.

இரண்டரை மணி நேரம்.
போனில் "இன்னும் இல்ல" என்றேன்.
"சரி" என்றாள்.
எங்களுக்கு நடுவே ஒன்பது அங்குலத் தளம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் இன்ஜினியர் வந்தார்.
பல் பட்ட இடத்தில் டார்ச் அடித்தார், தட்டினார்.
வெறும் கம்பி.
எதற்குப் போட்டதென்று கட்டினவனுக்கே தெரியாத துண்டு.
சென்னகேசவன் சிரித்தார்.
நானும் கொஞ்சம்.
இன்ஜினியர் சிரிக்கவில்லை,
ஒரு முழம் தள்ளி சாக்பீஸால் புது வட்டம் போட்டார்.
கீழே மூட்டைகள் இழுபடும் சத்தம் கேட்டது,
ஒவ்வொன்றாய், நாலு.

இரண்டாம் துளையில் கடைசிவரை கலங்கல்தான்.
கடைசி அரை அங்குலத்தில் கை தளர்த்தினேன்,
கொதிக்கிற குண்டானை இறக்குகிற மாதிரி.
ஒன்பது கிலோ உருளை.
விழுந்த சத்தத்தில் பாதியை மணல் தின்றது.
"வந்துடுச்சு."

மோட்டாரை நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.
வட்டத்துக்குள் அவள் முகம்,
ஹெல்மெட்டுக்குக் கீழே நெற்றியில் சாம்பல் சொட்டு.
"தள்ளி நில்லு" என்றேன், பழக்கத்தில்.
"நீ தள்ளு. வெளிச்சத்த மறைக்கிற."

சாயங்காலம் பில்லில் துளை ஒன்று.
பாதியில் விட்டதற்குக் காசில்லை.
அதைக் கலவை போட்டு அடைத்து
கரண்டியால் மூன்று தரம் தேய்த்தேன்.
ஈரம் இறுகும்வரை யாரும் மிதிக்காமல்
பக்கத்தில் சும்மா நின்றேன்.