அரசுத் தரப்பு சாட்சி ஏழு

டவாலி என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்.
மூன்றாவது தரம்தான் சரியாக வந்தது.

கோவையிலிருந்து ராத்திரி ரயில்,
திருத்தணியில் இறங்கி
பள்ளிப்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம்.
கோர்ட் வாசல் டீக்கடைக்காரர்
தமிழில் சர்க்கரை அளவு கேட்டுவிட்டு
தெலுங்கில் சில்லறை எண்ணித் தந்தார்.

கடவுளறிய என்றார்கள்.
உளமார என்றேன்.
ஒரு கவர், அதன்மேல் என் ஆபீஸ் அரக்கு,
உள்ளே சான்றுப்பொருள் மூன்று:
சுண்டுவிரல் நீளம், இரண்டு விரல் அகலம்.
இந்த அளவு மரத்துக்காக
முனிரத்தினம் என்கிற மினி லாரி டிரைவர்
பதினோரு மாதமாக வாய்தாவுக்கு வருகிறார்.
சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார்.

அரசு வக்கீல் பேனாவை மூடாமலே கேட்டார்:
இது செம்மரம்தானே?

இல்லை, வேங்கை.

மின்விசிறி சுற்றும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

ரெண்டும் சிவப்புதானேம்மா?
கண்ணுக்குச் சிவப்பு, ஐயா.
வேங்கைத் தூளைத் தண்ணீரில் போட்டால் நீலம் ஊறும்.
செம்மரம் வெறும் தண்ணீருக்கு மசியாது,
ஸ்பிரிட் ஊற்றினால்தான் நிறத்தைக் கொடுக்கும்.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.
இங்கேயே காட்ட முடியுமா?
தடயம் எவ்வளவு குறையும்?
ஒரு சிட்டிகை.
பதிவு செய்துகொள்ளுங்க.

எவர்சில்வர் டம்ளரில் தெரியாது என்று
டீக்கடையிலிருந்து கண்ணாடி கிளாஸ் வந்தது.
பிளேடால் சுரண்டிப் போட்டேன்.
மேற்கு ஜன்னலில் வெயில் இல்லை;
வராண்டாவுக்குப் போனோம் எல்லோரும்,
மாஜிஸ்திரேட், இரண்டு வக்கீல், ரேஞ்சர்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முனிரத்தினம்.
கிளாஸின் விளிம்பில் முதலில் ஒரு கோடு,
பிறகு புகை மாதிரி,
மயில் கழுத்து நீலம்.

கொஞ்ச நேரம் யாரும் எதிரியாக இல்லை.

உள்ளே வந்ததும் குறுக்கு விசாரணை.
தேசராஜூலு வக்கீலுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று,
அதிகம் கேட்கவில்லை.
அரசு வக்கீல்தான் மறுபடி எழுந்தார்.
மரம் ஆந்திராவில் நின்றதா, நம்ம பக்கமா?
செல்லுக்குள் மாநிலம் எழுதியிருக்காது, ஐயா.
தெரியாது என்று டைப் ஆனது.
பிடிபட்ட மற்ற நாற்பத்திரண்டு கட்டை?
எனக்கு அனுப்பியது ஒரு துண்டு.
மற்றதெல்லாம் செம்மரமாக இருக்கலாமா?
இருக்கலாம். வேங்கையாகவும் இருக்கலாம்.
தெரியாது என்று டைப் ஆனது.
வேங்கையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாதுதான்.
அது வேற செக்‌ஷன்.

துண்டின் ஒரு ஓரத்தில்
பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை.
உள்சுவரில் துரு.
ஒரு காலத்தில் ஏதோ கதவுக்கோ கட்டிலுக்கோ
ஆணி வாங்கிய மரம் அது.
போட்டோவில் லாரிமேல் கிடக்கிற கட்டைகளில்
கோடாலி வெட்டின் ஈரம் இன்னும் காயவில்லை.
லாரியிலிருந்து என் மேஜைக்கு வருகிற வழியில்
எந்தக் கதவு கழன்றது?
அந்த நாற்பத்திரண்டும் இப்போது
எந்தத் துறைமுகத்தில்?

அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
மூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாம் பத்தி.
ஒருவரும் கேட்கவில்லை.
ரேஞ்சர் நெடுநேரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
முனிரத்தினம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.
அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.
அவர் ஓட்டி வந்தது எதுவென்று அவருக்குத் தெரியும்.
என்னிடம் உள்ளது ஒரு துண்டு.

நீங்க இறங்கலாம்.

வாயைத் திறந்தேன். ஐயா, மூன்றாம் பக்கம்...
அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
மாஜிஸ்திரேட் மட்டும்
விரலை நாக்கில் தொட்டு
முதல் பக்கத்தைத் திருப்பினார்.
இரண்டாம் பக்கம்.
பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படிக்கான வவுச்சரில் கையெழுத்துப் போட
நாஜர் அறையில் நின்றேன்.
எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்கள்.
அதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடிந்தது.