கேட் போட்ட நேரம்

ஐப்பசி பிறந்தால்
காசெல்லாம் வயலுக்குப் போய்விடுகிறது,
நாற்றாக, யூரியாவாக, நடவாள் கூலியாக.
கதிராகித் திரும்பி வரத் தை ஆகும்.
அதுவரை கியர் மாற்றக் கற்றுக்கொள்ள
நீடாமங்கலத்தில் யாருக்கும் அவசரமில்லை.

போன மாதம் மூன்று பேர்.
இந்த மாதம் ஒருவர்.
அவரும் பாதி எட்டில் மழை பிடித்துக்கொள்ள
மீதி எட்டைப் பொங்கலுக்குப் பிறகு போடுகிறேன் என்று
குடை விரித்து இறங்கிப் போனார்.

சலுகை எழுதி ஒட்டினேன்:
இருவர் சேர்ந்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம்.
இருவர் வந்தார்கள்.
அந்த ஒருவர் தான்தான் என்றார்கள் இருவரும்.
சண்டையை விலக்கி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.
விளம்பரச் செலவு இருபத்து நான்கு ரூபாய்.

தேரடியில் தட்டி கட்டினேன்.
மறுநாள் அதன்மேல் கண்ணீர் அஞ்சலி.
இறந்தவர் என்னிடம் கற்றவர் இல்லை
என்பதொன்றே ஆறுதல்.

கடைசியாக நோட்டீஸ், ஆயிரம்.
பச்சைத்தாள்தான் மலிவு என்றார்
அச்சகத்து சவரிமுத்து.
எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனேன்.

நெல் ஏற்றும் சரக்கு ரயில்
முன்னே போகும், பின்னே வரும்,
சம்மதம் சொல்லாத மாப்பிள்ளை மாதிரி
நடுவில் நிற்கும்.
அரைமணி, சில நாள் அதற்கும் மேல்.
ஊரே திட்டுகிற அந்தக் கேட்டைக்
கையெடுத்துக் கும்பிட்டவன் நான் ஒருவன்.

கண்ணாடி கண்ணாடியாகத் தட்டினேன்.
அறுபதாவது தாளோ என்னவோ,
லாரிக்காரர் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"ஏந்தம்பி, இங்க நிக்கிற அத்தனை பேரும்
ஓட்டிக்கிட்டுத்தானே வந்து நிக்கிறோம்?"

தூறல்.
சாயம் இறங்கி உள்ளங்கை பச்சை.
பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வண்டி வெள்ளைக் கார்.
டிரைவர் தாளைக் கசக்கப் போனார்.
பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது,
மருதாணி நகத்தில் பாதி வளர்ந்துபோன கை.
"அத இங்க குடுங்க."

மெஹ்ராஜ் பானு, பொதக்குடி.
வீட்டுக்காரர் ஷார்ஜாவில்.
அவர் வந்தால் நாற்பது நாள் கார் ஓடும்.
மீதி நாளெல்லாம் உறைக்குள் தூக்கம்,
ஒயரைக் கடிக்க எலி.
"ஆஸ்பத்திரிக்குப் போக டிரைவருக்கு ஆயிரம் தர்றேன்.
அவர் பேசுற அரசியலையும் சேத்துக் கேக்கறேன்"
என்றார் போனில்.

அன்று சாயங்காலம் அவர் தெருவில் சைக்கிளை உருட்டி நடந்தேன்.
உறை போட்ட கார் பதினொன்று.
பதினோரு சாவியும் ஏதோ ஓர் அலமாரியில்.
மழைக்காலம் முழுக்க வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அறுவடை போர்டிகோவில் நின்றிருக்கிறது.

ஒன்பதாம் நாள் பாடம்.
கேட் திறந்தது.
முதல் வண்டி நாங்கள்.
அவர் கிளட்சைச் சட்டென்று விட
தண்டவாளத்துக்கு இப்பால் குலுங்கி அணைந்தது மாருதி.
பின்னால் ஹாரன்,
பஸ், டிராக்டர், மீன்வண்டி, ஒரு கல்யாண வேன்.

என் காலடியில் இன்னொரு கிளட்ச் உண்டு.
மிதிக்கவில்லை.

வளைத்துக்கொண்டு போன ஒவ்வொருவரும்
திட்ட வாயெடுத்து,
திட்டுவதற்கு முன் கூரைமேல் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள்:
பள்ளியின் பெயர், பத்து இலக்கம்.
என் நம்பரை இத்தனை பேர்
ஒரே மூச்சில் வாசித்ததில்லை.
கல்யாண வேன் ஜன்னலில்
மூன்று பெண்கள் போனை எடுத்து எதையோ அழுத்தினார்கள்.
படம் பிடித்தார்களோ, எண்ணைத்தான் பதிந்தார்களோ.

"எல்லாரும் பாக்குறாங்களே, என்ன செய்ய?"

அவசரமில்லை, என்றேன்.
நியூட்ரலுக்கு வந்து, சாவியைத் திருப்பி,
நிதானமாகப் போடுங்கள் ஃபர்ஸ்ட்டை.

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க?"

சொல்ல வாயெடுத்தேன்.
கேட்டில் மறுபடி மணி அடித்தது.