இரண்டு சுருட்டு, ஒரு மூக்கு

கப்பலின் தலைமை எஞ்சினியர் உடைந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினார்.
சாயங்காலத்துக்குள் பிராட்வேயில் செய்து வாங்கிக் கொடுத்தேன்.
காசோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்தது இரண்டு சுருட்டு:
ஒன்று நிகரகுவா, ஒன்று டொமினிக்கன்.
விலையைக் கேட்டிருக்கக் கூடாது.
கேட்டேன்.
என்னுடைய ஒரு வார நைட் ஷிப்ட்.

தனியாகப் பிடித்தால் செரிக்காது என்று
இதயத்துல்லாவைக் கூப்பிட்டேன்.
தண்டையார்பேட்டையில் மூணாவது மாடிக்கு மேல் மொட்டைமாடி,
தண்ணி டேங்குக்குப் பின்னால், காற்றுக்கு மறைவாக.

அவனுக்கு மூக்கு செத்து நாலு வருஷம்.
கந்தகம் இறக்கிய கப்பலின் அடிவயிற்றைக்
கூட்டிப் பெருக்க இறங்கியவன்
வாசனையை அங்கேயே விட்டுவிட்டு ஏறி வந்தான்.
"கட்டுமானம் நான் பாக்குறேன்,
ருசி நீ பாரு" என்றான்.
நியாயமான பங்குதான்.

வின்ச் கயிறு தடவிய விரல்கள்.
அறுந்த இழை எங்கே என்று இருட்டிலும் சொல்லும்.
டொமினிக்கனைக் காதோரம் உருட்டினான்:
சத்தமில்லை. பள்ளமில்லை.
கோதுமை நிற மேலிலை, நரம்பு வெளியே தெரியாத வளர்ப்பு.
தொப்பியை மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார்கள்,
நகத்துக்குக்கூட விளிம்பு சிக்கவில்லை.

நிகரகுவா கறுப்பு. எண்ணெய் கையில் ஒட்டியது.
மேலிலை நரம்பெல்லாம்
மூட்டை சுமக்கிறவன் கெண்டைக்கால் மாதிரி புடைப்பு.
ஒரு இடத்தில் விரல் நின்றது.
"இங்க உள்ளிலை தளர்ந்துகிது. நெருப்பு இந்தப் பக்கம் ஓடும், பாத்துக்கோ."

ஷேவிங் பிளேடால் தலையைச் சீவினோம்.
பதினோரு தீக்குச்சி.

வெளுத்தது முதலில் பேசியது:
பால் கொதித்து அடங்கிய பாத்திரம்,
அவித்த வேர்க்கடலைத் தோல்.
செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
நாற்காலி நுனியில் உட்காரும் விருந்தாளிப் புகை.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அதுதான் குறை.

கறுப்பு எடுத்ததும் தொண்டையில் மிளகை விட்டெறிந்தது.
இருமினேன்.
பிறகு மழை நனைந்த சாக்கு,
பிறகு புளியங்கொட்டை.
"வறுத்ததா, வறுக்காததா?" என்றான்.
வறுத்தது.
"தோலோடவா?"
அடுத்த இழுப்பில் பார்த்துச் சொன்னேன்: தோலோடு.
கண்ணை மூடித் தலையாட்டினான்,
கணக்கு சரியாக வந்தவன் போல.
பாதி தாண்டியதும் யாரும் எதிர்பார்க்காத இனிப்பு,
கருப்பட்டிக் காப்பியின் அடிக் கசண்டு.
அதைச் சொல்லத் தெரியாமல்
"இரு, இரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்ன இடத்திலேயே நெருப்பு ஓடியது.
ஒரு பக்கம் எரிந்து, மறுபக்கம் உதடு பிதுக்கி நின்றது கறுப்பு.
சாம்பல் செதில் செதிலாக என் லுங்கியில்.
வெளுத்ததன் சாம்பலோ ரெண்டு அங்குலம்,
அடுக்கிய ஒரு ரூபாய்க் காசுகளாய்,
விழாமல்.
பாரம் தூக்கிய கிரேனைப் போல
கையை அசைக்காமல் பிடித்திருந்தான் இதயத்துல்லா.
வடக்கே எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்கு.
அந்தச் சாம்பலுக்கு யாரும் மார்க் போடுவதில்லை.
துணி காயப்போட்டவர்கள் உதறிக்கொள்கிறார்கள்.

"வேலைன்னா இது வேலை" என்றான், வெளுத்ததைக் காட்டி.
நான் கறுப்பு பக்கம்.
கோணலாக எரிந்தாலும் அதற்குச் சொல்ல விஷயம் இருந்தது என்றேன்.
"விஷயம் இருக்கட்டும், ஒழுங்கா கட்டத் தெரிய வேணாமா?"
ரெண்டு மணி வரை சண்டை.
மணலிப் பக்கம் எரியும் தழல் ஒருமுறை உயர்ந்து தணிந்தது.
வெளுத்ததன் சாம்பல் அப்போதுதான் விழுந்தது,
உடையாமல்.

படி இறங்கும்முன் சட்டைக் காலரை இழுத்து நீட்டினான்.
"மோந்து சொல்லு. ரஹ்மத்துன்னிசா கண்டுபுடிச்சிடுவாளா?"
குனிந்தேன்.
வியர்வை, கிரீஸ்,
காசிமேட்டிலிருந்து வந்த காற்று,
எல்லாவற்றுக்கும் அடியில் புகை.
"மாட்டினே" என்றேன்.
அவனுக்கு முகமெல்லாம் பல்.
"எது? கறுப்பா, வெளுப்பா?"

மறுபடி குனிந்தேன்.